கணக்குக் கேட்கும் நாற்காலி: பாலாற்றங்கரைத் தலித் மக்களிடமிருந்து அது எவ்வளவு தூரம்?

வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர் வழியாக இராணிப்பேட்டை வரை நீளும் தோல் தொழில் வட்டாரத்தைக் குறித்து, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அடங்கிய அமர்வு, பாலாறு கெட்டதற்கான இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு மாநில அரசே முதலில் அதை வழங்கி, பின்னர் மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைத்து, வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழலைத் தணிக்கை செய்ய வேண்டும் என்றும், அந்தக் குழுவில் பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும் என்றும் ஆணையிட்டது.

இந்தத் தீர்ப்பில் நமக்கு மிக முக்கியமான சொல் 'தணிக்கை'. கணக்கைக் கேட்பவர் யார், அவரை அந்த இடத்தில் அமர்த்துபவர் யார், கேட்ட பிறகு என்ன நடக்கிறது என்ற மூன்று கேள்விகளும் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உழைக்கும் தலித் மக்கள் இந்த மூன்றையும் கேட்டே ஆக வேண்டும். ஏனெனில் இவ்வட்டாரத்தின் கணக்கு இதற்கு முன்பும் ஒருமுறை போடப்பட்டது. போடப்பட்ட விதத்தை நாம் பார்த்திருக்கிறோம்.

முதல் கணக்கு சொன்னது

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, குரோம் பதனிடுதலில் ஏறக்குறைய 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன, தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போய்விட்டது என்ற விவரங்கள் அந்தத் தீர்ப்பில் பதிவாகியுள்ளன. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடும், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அது பாடமாக இருக்கிறது. அந்நாளில் இம்மாவட்டத்தின் பெயர் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட சூழலியல் இழப்பு ஆணையம் 2001 மார்ச் 7 அன்று தனது முடிவை வெளியிட்டது. ஏழு வட்டங்களில் 29,193 பேர் அல்லது குடும்பங்கள் பாதிக்கப்பட்டதாகவும், 547 தோல் தொழிற்சாலைகள் சுமார் 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் அது கணக்கிட்டது. 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரையிலான காலத்துக்கு உரிய தொகை இது.

இந்தத் தொகையைப் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கையால் வகுத்தால், சராசரியாக ஒருவருக்கு 9,200 ரூபாய்க்கும் சற்றுக் குறைவாகவே வருகிறது. ஏழு ஆண்டுகளுக்கும் மேலான காலத்துக்கு அதைப் பிரித்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 104 ரூபாய். நிலமும் கிணறும் கெட்டதற்கு அரசும் நீதிமன்றமும் சேர்ந்து போட்ட கணக்கு இதுதான். அந்தச் சிறு தொகையும் முழுமையாகச் சேராததால்தான் 2025இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் பேச வேண்டியிருந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிலம் கெட்டதைச் சொல்லப் பட்டா சாட்சியாக நிற்கும். அந்த நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் கூலி பெற்ற நிலமற்ற சேரிக் குடும்பம் தன் வேலை போனதை எந்தப் பதிவேட்டைக் காட்டி நிறுவும்? வயலில் வேலை போனவர் அதே ஊரின் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கினால், அவர் இழப்பை எந்தப் பத்தியில் எழுதுவது? பதிவேடே இல்லாதவர்களின் இழப்பு கணக்கில் ஏறாது. ஆகவே, கணக்குப் போடும் மேசையில் யார் உட்கார்கிறார் என்பது சடங்கான கேள்வி அன்று. எதைக் கணக்கில் ஏற்றுவது என்பதை முடிவு செய்வதே அந்த மேசைதான்.

வாக்கால் வந்த தணிக்கையாளர்

இந்தியாவில் தணிக்கையாளரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மாநிலத் தணிக்கையாளர் பதவிக்கு நேரடித் தேர்தல் நடக்கிறது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து அப்பதவிக்கு வந்த ஒருவரின் அரசியல் வாழ்க்கையை அறிந்துகொள்வது நமக்கு உதவும்.

எட்வர்ட் மெக்கேப் 1850இல் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். சிகாகோவில் அரசு அலுவலக எழுத்தராக இருந்தவர், 1878இல் கான்சாஸ் மாநிலத்தின் நிக்கோடிமஸ் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். அடிமை முறையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877இல் தமக்கென உருவாக்கிய குடியிருப்பு அது. அங்கு மாவட்ட எழுத்தர் பொறுப்பை வகித்த மெக்கேப், 1882இல் குடியரசுக் கட்சி வேட்பாளராகக் கான்சாஸ் மாநிலத் தணிக்கையாளர் தேர்தலில் வென்றார். 1884இல் மீண்டும் வென்றார். வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த ஒரு மாநிலம் முழுவதும் வாக்களித்து, ஒரு கறுப்பினத்தவரிடம் அரசின் கணக்கை ஒப்படைத்தது அக்காலத்தில் அரிய நிகழ்வு.

மூன்றாம் முறை அவரது கட்சி அவருக்கு வாய்ப்பளிக்கவில்லை. அவர் ஓக்லஹோமா பகுதிக்குச் சென்று, 1890இல் லாங்ஸ்டன் என்னும் கறுப்பினக் குடியிருப்பு உருவாக முன்னின்றார். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு மாநிலத்தை அமைக்கலாம் என்று கனவு கண்டார். அப்பகுதியின் துணைத் தணிக்கையாளராகவும் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1907இல் ஓக்லஹோமா மாநிலத் தகுதி பெற்றதும், புதிய சட்டமன்றம் இயற்றிய முதல் சட்டம் இரயில் பெட்டிகளில் கறுப்பினத்தவரைத் தனியே பிரிக்கும் சட்டம். அதே ஆண்டில் மெக்கேப்பின் பதவியும் முடிந்தது. அவர் அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1914இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொள்கையளவில் அவர் பக்கத்து வாதத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டபோதும், வழக்குத் தொடுத்தவர்கள் தாமே பயணச்சீட்டுக் கேட்டு மறுக்கப்பட்டதை நிறுவவில்லை என்று கூறி நிவாரணம் தர மறுத்தது. 1920இல் அவர் சிகாகோவில் வறுமையில் இறந்தார்.

மெக்கேப்பின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒடுக்கப்பட்டவர் கணக்கு மேசைக்கு வருவது நடக்கக்கூடிய காரியம். இரண்டு, அந்த மேசையின் ஆயுள் அவரை அங்கே அனுப்பிய கட்சியின் கையில் இருக்கிறது. மாநிலத்தின் ஒவ்வொரு செலவையும் சரிபார்த்த மனிதரால், தன் மக்களை இரயிலிலிருந்து பிரித்த சட்டத்தைத் தடுக்க முடியவில்லை. பதவி தனிமனிதருக்குக் கிடைத்தது. சட்டம் இயற்றும் வலிமை மற்றவர்களிடம் இருந்தது.

அமெரிக்காவில் இப்பதவி அரசியல் ஏணியாகவும் பயன்பட்டு வருகிறது. மிசௌரி மாநிலத் தணிக்கையாளராக 1999 முதல் 2007 வரை இருந்த கிளேர் மெக்காஸ்கில் அடுத்து செனட் உறுப்பினரானார். அடுத்த தேர்தலை எண்ணும் தணிக்கையாளர் எந்தக் கணக்கைத் திறப்பார், எதைத் திறக்காமல் விடுவார் என்ற ஐயம் அங்கு எப்போதும் இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் வைத்த இடம்

நம் நாட்டில் வேறு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான உறுப்புகள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவியை வரையறுக்கின்றன. செய்தித்தாள்கள் சிஏஜி என்று குறிப்பிடுவது இவரைத்தான். குடியரசுத் தலைவர் அவரை நியமிக்கிறார். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கான கடினமான வழிமுறையின்படிதான் அவரையும் நீக்க முடியும்.

1949 மே 30 அன்று அரசமைப்பு அவையில் இப்பதவி விவாதிக்கப்பட்டபோது, அரசமைப்பிலேயே ஒருவேளை மிக முக்கியமான அதிகாரி இவர்தான் என்றும், நீதித்துறையின் கடமையைவிடவும் இவரது கடமை பெரியது என்றும் அண்ணல் அம்பேத்கர் கருத்துரைத்தார். நீதித்துறைக்குக் கிடைத்த அளவு சுதந்திரம் இப்பதவிக்குக் கிடைக்கவில்லையே என்ற கவலையையும் அவர் பதிவு செய்தார். இது போகிற போக்கில் சொல்லப்பட்டது அன்று. பிரித்தானிய இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சியை ஆராய்ந்து 1925இல் நூல் வெளியிட்டவர் அவர். மேலிருந்து கீழே பணம் எப்படி நகர்கிறது, எங்கே தேங்குகிறது என்பதைக் கற்றறிந்த பொருளியல் அறிஞரின் கருத்து அது.

ஓய்வுக்குப் பின் சிஏஜி மத்திய, மாநில அரசுகளின் கீழ் வேறு பதவி வகிக்கக் கூடாது என்று 148ஆம் உறுப்பு சொல்கிறது. ஆயினும் அரசியலுக்கான கதவு முழுமையாக மூடப்படவில்லை. 1984 முதல் 1990 வரை சிஏஜியாக இருந்த டி.என். சதுர்வேதியின் காலத்தில்தான் 1989இல் போஃபர்ஸ் பீரங்கி ஒப்பந்தம் குறித்த தணிக்கை அறிக்கை வந்தது. அதையொட்டி எதிர்க்கட்சி மக்களவை உறுப்பினர்கள் கூட்டாகப் பதவி விலகினர். சதுர்வேதி பின்னர் பாரதிய ஜனதா கட்சியின் மாநிலங்களவை உறுப்பினராகவும், 2002இல் கருநாடக ஆளுநராகவும் ஆனார். அறிக்கையின் தரம் வேறு, பிற்கால அரசியல் வேறு என்று வாதிடலாம். ஆனால் வாக்கால் வருபவருக்கு மட்டுமே அரசியல் உண்டு, நியமனத்தால் வருபவருக்கு இல்லை என்று நம்புவதற்கு இடமில்லை.

தணிக்கை அறிக்கை அரசியல் களத்துக்கு வரும்போது என்ன ஆகும் என்பதைத் தலித் மக்கள் அருகிலிருந்தே கண்டிருக்கிறோம். 2010 நவம்பரில் அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய சிஏஜி அறிக்கை, 1.76 இலட்சம் கோடி ரூபாய் வரை இழப்பு ஏற்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. தலித் சமூகத்திலிருந்து மத்திய அமைச்சரான ஆ. இராசா பதவி விலகினார், சிறை சென்றார். 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் அவரையும் மற்றவர்களையும் விடுவித்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை தில்லி உயர் நீதிமன்றம் 2024இல் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது. வழக்கின் முடிவு எதுவானாலும் ஒன்று தெளிவு. தணிக்கையின் அனுமான எண்ணை ஊடகங்களும் கட்சிகளும் தீர்ப்பாகவே வாசித்தன. தணிக்கை ஒரு கேள்வி. அதற்கு விடை காணும் இடங்கள் வேறு.

தமிழ்நாட்டில் நெருங்கி வரும் பதவி

வாக்கால் வரும் தணிக்கையாளர் என்று நம் மாநிலத்தில் ஒருவரைச் சுட்டிக்காட்ட வேண்டுமென்றால், சட்டமன்றப் பொதுக்கணக்குக் குழுவின் தலைவரைத்தான் சொல்ல முடியும். சிஏஜி அறிக்கை ஆளுநரிடம் அளிக்கப்பட்டு, பேரவையில் வைக்கப்படுகிறது. அதன்பின் அது பொதுக்கணக்குக் குழுவிடம் செல்கிறது. குழு துறைச் செயலாளர்களை அழைத்து விளக்கம் கேட்கிறது, மாவட்டங்களுக்குச் சென்று பணிகளைப் பார்வையிடுகிறது, பரிந்துரைகளைப் பேரவையின் முன் வைக்கிறது. நாடாளுமன்றத்தில் 1967 முதல் இக்குழுவின் தலைமையை எதிர்க்கட்சிக்குத் தரும் மரபு இருக்கிறது. செலவு செய்தவரே தன் செலவைச் சரிபார்க்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை.

2021இல் அமைந்த தமிழ்நாடு சட்டமன்றத்தில் இந்தப் பொறுப்புக்கு வந்தவர் கு. செல்வப்பெருந்தகை. அவரது அரசியல் பாதை, தலித் அரசியலின் கடந்த இருபது ஆண்டுகளையே சுருக்கிக் காட்டுகிறது. 2006இல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் சார்பில் மங்களூர் தனித்தொகுதியில் வென்று பேரவைக்குள் நுழைந்தார். அத்தேர்தலில் அக்கட்சி வென்ற இரண்டு தொகுதிகளுள் அது ஒன்று. பின்னர் பகுஜன் சமாஜ் கட்சியிலும், அதன்பின் காங்கிரசிலும் சேர்ந்தார். 2016இல் திருப்பெரும்புதூர் தனித்தொகுதியில் தோற்று, 2021இல் அதே தொகுதியில் வென்றார். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவராகவும், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவராகவும் ஆனார்.

தலித் இயக்கத்தில் தொடங்கிய ஒருவர் மாநிலத்தின் வரவு செலவைக் கேள்வி கேட்கும் குழுவுக்குத் தலைவரானார் என்பதை நாம் சிறிதாக எண்ணவில்லை. துறைச் செயலாளர்கள் அவர் முன் வந்து விளக்கம் அளிக்க வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் பொதுச் சாலையில் நடக்கும் உரிமைக்காகச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்த சமூகத்துக்கு இது பெரிய தொலைவு.

ஆனால் அந்த நாற்காலியின் எல்லைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதலாவது, காங்கிரஸ் அப்போது ஆளும் தி.மு.க.வின் கூட்டணிக் கட்சி. அமைச்சரவையில் இல்லாததால் அது ஆளும் கட்சி அன்று என்று சொல்லலாம். ஆனால் தொகுதிப் பங்கீட்டுக்கு ஆளும் கட்சியைச் சார்ந்திருக்கும் கட்சி, அந்த அரசின் கணக்கை எவ்வளவு தூரம் துருவ முடியும் என்ற கேள்வி நபரைப் பற்றியதன்று, ஏற்பாட்டைப் பற்றியது. மெக்கேப்பின் மூன்றாம் தேர்தல் நமக்கு நினைவூட்டுவதும் இதைத்தான். இரண்டாவது, குழுவின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் ஆணைகள் அல்ல. மூன்றாவது, காலம். பணம் செலவான ஆண்டு, தணிக்கை நடந்த ஆண்டு, அறிக்கை வந்த ஆண்டு, குழு விசாரித்த ஆண்டு என்று நகர்வதற்குள், பொறுப்பான அதிகாரி மாறியிருப்பார், பல வேளைகளில் ஆட்சியே மாறியிருக்கும்.

தோல் வட்டாரத்தின் எந்தக் கணக்கு இந்த மேசைக்கு வரும்?

தோல் தொழிற்சாலை தனியார் சொத்து. அதன் கணக்கை சிஏஜியோ பொதுக்கணக்குக் குழுவோ கேட்பதில்லை. ஆனால் அந்தத் தொழிற்சாலைக்கு இசைவாணை தந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அரசு அமைப்பு. தொழிற்பேட்டை அமைத்த சிப்காட் அரசு நிறுவனம். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு மானியம் சென்றிருக்கிறது. இழப்பீட்டை வசூலிக்க வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். இவை எல்லாமே பொதுப் பணத்தோடும் பொது அதிகாரத்தோடும் தொடர்புடையவை. கேள்வி கேட்கத் தக்கவை.

2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது கழிவுச் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அந்தச் சாவைக் குற்ற வழக்காகப் பார்த்தது காவல்துறை. தணிக்கையின் பார்வை வேறாக இருந்திருக்கும். அந்தத் தொட்டியைக் கட்ட அனுமதித்தவர் யார், கடைசியாக ஆய்வு செய்தவர் யார், அந்த ஆய்வுக் குறிப்பில் என்ன எழுதினார் என்று அது கேட்கும். முதல் வழி குற்றவாளியைத் தேடுகிறது. இரண்டாவது வழி அடுத்த தொட்டியைக் காப்பாற்றுகிறது. நமக்கு இரண்டும் வேண்டும்.

இன்னொரு கணக்கு துணைத்திட்டம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள் தொகையில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. அந்த விகிதத்துக்குக் குறையாமல் நிதி ஒதுக்க வேண்டும் என்பது துணைத்திட்டத்தின் சாரம். பொதுத் திட்டங்களின் செலவில் ஒரு பங்கைத் துணைத்திட்டச் செலவாக எழுதிக் காட்டுவது நெடுநாள் குற்றச்சாட்டு. தலித் இயக்கங்களின் தொடர்ந்த கோரிக்கைக்குப் பின் 2024இல் தமிழ்நாடு அரசு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. சட்டம் வந்தது வெற்றி. ஆம்பூரின் ஒரு குடியிருப்பில் அந்தப் பணம் எதுவாக மாறியது என்று தேடிப் பார்க்கும் வேலை இனிமேல்தான் இருக்கிறது.

கீழ்த்தட்டில் தணிக்கையே ஆயுதமாகும்போது

மேலே பேசியது அரசைத் தலித் மக்கள் கேட்கும் கணக்கு. ஊராட்சியில் நிலைமை தலைகீழாகிறது. அங்கே தலித் தலைவரைச் சாதி ஆதிக்கம் கணக்குக் கேட்கிறது.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். தனி ஒதுக்கீட்டில் தலித் தலைவராக வருவார். துணைத்தலைவர் பதவி பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினரிடம் போகும். துணைத்தலைவர் கையொப்பமிட மறுத்தால் தெருவிளக்கும் குடிநீரும் நிற்கும், பழி தலைவர்மீது விழும். அதே சட்டத்தின் 205ஆம் பிரிவு, தலைவரைப் பதவிநீக்கம் செய்ய ஆட்சியருக்கு வழி தருகிறது. கணக்கில் குளறுபடி என்ற புகார் அதற்கு எளிதான வாசல். பல ஆண்டுகள் பதிவேட்டைத் தொடவே விடாமல் வைத்திருந்துவிட்டு, பதிவேடு சரியில்லை என்று நோட்டீஸ் அனுப்புவது பல மாவட்டங்களில் தலித் தலைவர்கள் கண்ட அனுபவம்.

பதிவேட்டைத் தொடும் நிலைக்கே வர முடியாதவர்களும் உண்டு. 2021 உள்ளாட்சித் தேர்தலில் ஆம்பூரை அடுத்த நாயக்கனேரி மலை ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. தலித் பெண் ஒருவர் போட்டியின்றித் தேர்வானார். ஒதுக்கீட்டையே எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டதால் அவரால் பதவியேற்க இயலவில்லை. அங்கே எதிர்த்து நின்றவர்கள் மலைவாழ் பழங்குடியினர் என்பது நமக்குக் கூடுதல் வேதனை. ஒடுக்கப்பட்ட இரு சமூகங்களை ஒரே நாற்காலிக்கு மோதவிட்ட அந்த ஒதுக்கீட்டு வரையறையை யாரும் தணிக்கை செய்யவில்லை.

மேலவளவு முருகேசன் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டதற்கு அவர் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் அமர்ந்ததே காரணம். அந்த நாற்காலி ஊர்ப் பொதுச் சொத்தின் கணக்கு வைக்கப்படும் இடமும் ஆகும். ஏரி மீன் ஏலம், புளியமரக் குத்தகை, ஒப்பந்தப் பணி ஆகியவற்றின் பதிவேடு தலித் கைக்குச் செல்வதைச் சாதி ஆதிக்கம் பொறுத்துக்கொள்ளாததன் பின்னணியில் பொருளியலும் இருக்கிறது.

நாம் செய்யக் கூடியவை

ஒரு தலித் தலைவர் தணிக்கை நாற்காலியில் அமர்ந்தால் நம் கணக்கு தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. யார் அமர்ந்தாலும் பயனில்லை என்று ஒதுங்குவதும் தவறு. நாற்காலியில் இருப்பவர் கேட்கக் கூடிய கேள்வியைக் கீழிருந்து தயாரித்து அனுப்புவதே இயக்கத்தின் வேலை. மெக்கேப்பின் பின்னால் நிக்கோடிமஸ் என்ற சிற்றூர் மட்டுமே நின்றது. பொதுக்கணக்குக் குழுவுக்கோ உச்ச நீதிமன்றம் சொன்ன குழுவுக்கோ செல்லும் நம் பிரதிநிதியின் பின்னால் ஆவணங்கள் நிற்க வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் இதில் நேரடியாக இறங்கலாம். முதலில், தமிழ்நாடு பற்றிய சிஏஜி அறிக்கைகள் அதன் இணையத்தளத்தில் மாநிலவாரியாகக் கிடைக்கின்றன. ஆதிதிராவிடர் நலம், மாசுக் கட்டுப்பாடு, உள்ளாட்சி ஆகிய பத்திகளை எடுத்து, அவற்றில் நம் மாவட்டங்கள் எங்கெல்லாம் வருகின்றன என்று குறித்து வைக்கலாம். அடுத்து, 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அனுப்பலாம். 2001 முடிவின்படி தம் வட்டத்தில் எத்தனை பேருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது, எவ்வளவு நிலுவை, பட்டியலில் நிலமற்றோர் எத்தனை பேர் என்று கேட்கலாம். மூன்றாவதாக, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் வரவு செலவு அறிக்கையை வாசிக்கச் சொல்லி, துணைத்திட்டப் பணிகளைத் தனியே கேட்டுத் தீர்மானத்தில் பதிவு செய்யலாம். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கையில் கொடுத்தது. அந்தப் பழக்கத்தை மற்றத் திட்டங்களுக்கும் விரிக்க வேண்டும்.

இறுதியாக, உச்ச நீதிமன்றம் சொன்ன தணிக்கைக் குழுவில் 'பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதி' என்ற சொல்லுக்குப் பொருள் யார் என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது. நிலமுள்ள உழவர் அதில் இருக்கட்டும். அவரும் இழந்தவரே. அவருக்கு அருகில் தோல் ஷாப்பில் உப்புத் தோலை உதறும் தொழிலாளியும், ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண்ணும், கழிவுத் தொட்டியில் இறங்கிய குடும்பத்தின் ஒருவரும் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால், 104 ரூபாய்க்குச் சுருங்கிய முதல் கணக்கில் விடுபட்ட பெயர்களை அடுத்த கணக்கில் ஏற்ற முடியும்.